தரகருக்கும் பதிவு வேண்டும்

சென்ற கூட்டுறவு வார விழாவையொட்டித் தாமிரபரணிப் பாசனத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் அங்கத்தினர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. நெசவாளர் சங்கத்தாரும் விவசாயக் கடன் சங்கத்தாரும் ஒன்றாகக் கூடியிருந்தனர். கடன் தவணை, பங்குத் தொகை, நூல் கொள்முதல் ஆகியவை பற்றிப் பேசி முடித்தபின், "யாருக்கேனும் கேள்வி உண்டா?" என்று வழக்கப்படி கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவரின் மகன் அவர்; பட்டம் பெற்று இரண்டாண்டுகளாக வேலை தேடிக்கொண்டிருப்பவர்.

"சார், மனைத் தரகு செய்வதற்கு லைசென்சு வாங்க வேண்டுமாமே, அது எங்கே கிடைக்கும்?" என்று அவர் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"தரகுக்கும் லைசென்சா தம்பி? நாக்கு இருந்தால் போதாதா?" என்றார் முன் வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர். சிரிப்பு இன்னும் பலத்தது.

சட்டம் ஒன்று உண்டு என்பதையும், அதன் கீழ்த் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அன்று சுருக்கமாகக் கூறி அமர்ந்தேன். ஆயினும் விஷயம் அத்துடன் முடியவில்லை. கூட்டம் கலைந்தபின், சிரிக்காமல் இருந்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.

சிரிக்காதவர் சொன்ன செய்தி

முப்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்து உழைத்தவர் அவர். மகள் பெயரில் நான்கு சென்ட் மனை ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். புறவழிச் சாலைக்கு அருகே ஒரு நிலத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கல் ஊன்றி, கொடி கட்டி, பந்தல் போட்டு மனை விற்றார்கள். அழைத்துச் சென்று காட்டிய தரகர் உறவுக்காரப் பையன். நகையை அடகு வைத்தும், சேமிப்பில் இருந்ததை எடுத்தும் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணமாக அந்தத் தரகர் கையில் கொடுத்தார். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குச் சென்ற நாளில்தான், அந்த மனைப்பிரிவுக்கு அங்கீகாரமே இல்லை என்பதும் அதைப் பதிவு செய்ய இயலாது என்பதும் தெரியவந்தன. நிலத்துக்காரரோ தமக்கு வந்தது பாதித் தொகைதான் என்றார். தரகரோ முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன் என்றார். இருவரிடமும் ரசீது இல்லை.

"ஏன் ரசீது வாங்கவில்லை?" என்று கேட்டேன்.

"நம்ம பையன்தானே ஐயா. அவன்கிட்டப் போய் ரசீது கேட்டா முகத்தை முறிச்ச மாதிரி ஆயிருமேன்னு கேக்கல" என்றார்.

இந்த ஒரு சொல்லே இக்கட்டுரை எழுதுவதற்குக் காரணம். நம் அங்கத்தினர்களில் பலர் இதே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். காகிதம் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளம் என்று கருதுகிறார்கள். அது எவ்வளவு பிழையான கருத்து என்பதையும், மனைத் தரகைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர் செய்ய வேண்டியவை யாவை என்பதையும் ஒருங்கே விளக்குவது பயனுடையதாகும்.

நிலத்தின்மேல் விழுந்த கண்

தூத்துக்குடிச் சீமையில் நிலத்துக்குப் பெரிய விலை எக்காலத்தும் இருந்ததில்லை. கடலோரத்தில் உப்பளமும் உடைமரமும், உள்ளே சென்றால் பனையும் கரிசலும், ஆற்றுப் பாசனத்தில் வாழையும் கொடிக்காலும் என்றிருந்தது நம் நிலம். 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் தூத்துக்குடித் துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களுள் பத்தாவதாக அறிவிக்கப்பட்டது. 1986-இல் தனி மாவட்டமும், 2008-இல் மாநகராட்சியும் அமைந்தன. அண்மை ஆண்டுகளிலோ மாற்றம் விரைந்துவிட்டது. 2024 பிப்ரவரி 28-இல் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஜூலை 26-இல் விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 4-இல் சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை தொடங்கி வைக்கப்பட்டது.

இவை நம் பிள்ளைகளுக்கு வேலையும் ஊருக்கு வளமும் தரக்கூடியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய செய்தி ஒன்று வெளிவந்தால், மறு மாதமே அதன் பெயரைச் சொல்லிச் சாலையோரங்களில் மனைக் கற்கள் முளைத்துவிடுகின்றன. கல் முளைக்கும் இடமெல்லாம் தரகரும் தோன்றுகிறார். தேநீர்க் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், காப்பீட்டு ஏஜெண்டு எனப் பலரும் ஓய்வு நேரத்தில் மனை காட்டுகிறார்கள். அவர்களில் நேர்மையாளர் பலர் உண்டு. எனினும் நேர்மையாளர் யார், அல்லாதவர் யார் என்று வாங்குபவர் எதைக் கொண்டு அறிவது?

சலாபமும் சந்தையும்

தரகு இழிந்த தொழில் அன்று. நம் கடற்கரைக்குப் புதியதும் அன்று. மன்னார் வளைகுடாவில் முத்துச் சலாபம் நடந்த காலங்களில், சிப்பி ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்படும்; முத்தெடுத்தபின் அவற்றை மதிப்பிட்டு வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்போர் சலாபத்துறையில் கூடுவர். முத்தைக் கண்ணால் பார்த்து மட்டும் அவர்கள் விலை சொல்லிவிடவில்லை. துளை அளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலித்து, அளவு பிரித்து, உருட்சியும் ஒளியும் பார்த்து 'ஆணி' முதல் 'தூள்' வரை தரம் வகுத்து, கழஞ்சும் மஞ்சாடியுமாக நிறுத்த பின்னரே விலை பேசினர். 1961-ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடியில் சலாபம் நடைபெறவில்லை. ஆயினும் சல்லடையில் விழாத முத்துக்கு விலை கூறாத அந்த ஒழுங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்னொரு வழக்கமும் நமக்குத் தெரியும். ஆட்டுச் சந்தையிலும் மாட்டுச் சந்தையிலும் தரகர் துண்டைக் கைமேல் போட்டு, அதனடியில் விரலைத் தொட்டு விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. விற்பவருக்குச் சொன்னது ஒன்று, வாங்குபவருக்குச் சொன்னது ஒன்று என்றாலும் அதைக் கண்டுபிடிப்பவர் இல்லை. ஓர் ஆட்டு விலையில் இதனால் வரும் நஷ்டம் சில நூறு ரூபாய். மனை விலையிலோ ஒரு குடும்பத்தின் ஆயுட்கால உழைப்பே போய்விடும். துண்டுக்கு அடியில் நடக்கும் பேச்சை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே இப்போதைய சட்டத்தின் நோக்கம் என்று சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் 2016-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் சில பிரிவுகள் அவ்வாண்டு மே முதல் நாளிலும், எஞ்சியவை 2017 மே முதல் நாளிலும் அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டு அரசு இதற்கான விதிகளை 2017 ஜூன் மாதத்தில் வெளியிட்டது. இதன்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தைப் பொதுமக்கள் 'ரெரா' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். சென்னையில் உள்ள இவ்வாணையத்தின் அதிகாரம் தமிழ்நாட்டுக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் பொதுவானது.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பவரும், எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்பவரும் தம் திட்டத்தை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது நம் கணக்கில் 12 சென்ட்டுக்குச் சற்று அதிகம். எனவே ஊர்ப்புறங்களில் கல் ஊன்றி விற்கப்படும் மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை இவ்வளவுக்கு மேற்பட்டவையே. பதிவு பெறுமுன் விளம்பரம் செய்வதும், முன்பணம் வாங்குவதும், விற்பதும் கூடா.

அத்தகைய திட்டத்தில் மனையையோ வீட்டையோ விற்கவும் வாங்கவும் துணைநிற்கும் தரகரும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 9-ஆம் பிரிவு. தரகர் என்றால் யார் என்பதையும் சட்டம் விரிவாகவே வகுத்திருக்கிறது. கூலியோ கட்டணமோ கமிஷனோ பெற்றுக்கொண்டு ஒருவர் சார்பில் விலை பேசுபவர் மட்டுமல்லர். வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலேனும் அறிமுகம் செய்து வைப்பவரும் தரகரே. "நான் இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதான்" என்று கூறித் தப்ப இயலாது.

விண்ணப்பிக்கும் முறை

கூட்டத்தில் கேள்வி கேட்ட இளைஞருக்கு உரிய விடை இதுவே. விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளம் வழியே அனுப்பப்படுகிறது. விதிகளில் 'ஜி' படிவம் எனக் குறிக்கப்பட்டிருப்பது தரகருக்கான விண்ணப்பப் படிவம். அதனுடன் விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, புகைப்படம், பான் அட்டையின் நகல், தொழில் நடத்தும் இடத்துக்கான முகவரிச் சான்று, வருமான வரி பற்றிய விவரங்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தனிநபராக இன்றி, கூட்டு வியாபாரமாகவோ கம்பெனியாகவோ சங்கமாகவோ விண்ணப்பித்தால் அதன் பதிவுச் சான்றும் துணைவிதிகள் முதலிய அமைப்பு விதிகளும் தேவை.

2017-ஆம் ஆண்டு விதிகளில் வகுக்கப்பட்ட கட்டணம் தனிநபருக்கு 25,000 ரூபாய். மற்ற அமைப்புகளுக்கு 50,000 ரூபாய். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 25,000 ரூபாய் என்பது வேலையில்லாத இளைஞருக்குப் பெருந்தொகைதான். ஆனால் ஐந்தாண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால் ஆண்டுக்கு 5,000 ரூபாய். நாளொன்றுக்கு 14 ரூபாய்க்கும் குறைவு. பதிவில்லாத் தரகு எத்தகைய தண்டனைக்கு இடமாகும் என்பதைப் பின்னர் காண்போர் இக்கட்டணத்தைச் சுமையாகக் கருதமாட்டார்கள். பணம் கட்டுமுன் அன்றைய கட்டணத்தையும் படிவத்தையும் ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நன்று.

விண்ணப்பம் முறையாக இருந்தால் ஆணையம் பதிவு எண் ஒன்றை வழங்கும். குறையிருந்து மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் கூற வேண்டும். விண்ணப்பதாரரின் வாதத்தைக் கேளாமல் மறுத்தலாகாது. பதிவு எண் கிடைத்தபின், தாம் துணைநிற்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவ்வெண்ணைத் தரகர் குறிப்பிட்டாக வேண்டும்.

2017-ஆம் ஆண்டு விதிகள் தரகரிடம் தேர்வு எதையும் கேட்கவில்லை. இது சிலருக்கு மகிழ்ச்சியளிக்கலாம். ஆயினும் மற்ற இடங்களில் நடப்பதையும் அறிந்துகொள்வது நல்லது. மகாராஷ்டிர மாநில ஆணையம் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என 2023-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனி மன்றம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கே தேர்வில் தேறி, லைசென்சு பெற்ற நிறுவனம் ஒன்றின்கீழ்ப் பதிவு செய்துகொண்டவரே மனை விற்பனையில் ஈடுபட முடியும். இன்னும் ஒன்று: அந்நாட்டில் வீடு வாங்குபவரின் பணத்தை விற்பனைத் தரகர் தம் கையால் வாங்குவதே தடை செய்யப்பட்டிருக்கிறது. நம் நெசவாளர் இழந்த இரண்டு லட்சம் ரூபாயை எண்ணும்போது அவ்விதியின் அருமை விளங்கும்.

ஆகவே தேர்வு இல்லை என்பதற்காகப் படிக்காமல் இருந்துவிடலாகாது. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகியவற்றைப் படித்துப் பொருள் சொல்லத் தெரியாதவர் மனைத் தரகர் ஆவது, இழை எண்ணத் தெரியாதவர் பாவு ஓட்டப் புகுவது போன்றதாகும்.

கடமையும் தண்டனையும்

பதிவு பெற்ற தரகரின் கடமைகள் 10-ஆம் பிரிவில் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் முக்கியமானவை நான்கு.

முதலாவது, பதிவு பெறாத திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்கத் துணைநிற்கலாகாது.

இரண்டாவது, கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் முறையாக வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பொய்யான வாக்குறுதி தரலாகாது. இல்லாத அங்கீகாரத்தை உண்டென்று கூறுவதும், தர நினைக்காத சேவையை விளம்பரம் செய்வதும் இதில் அடங்கும்.

நான்காவது, மனைக்கு முன்பணம் கட்டும் நேரத்திலேயே, வாங்குபவருக்கு உரிமையான தகவல்களும் தஸ்தாவேஜுகளும் அவர் கைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும்.

இவற்றை மீறினாலும், பதிவின்றித் தரகு செய்தாலும், மீறல் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வீதம் தண்டம் விதிக்கலாம். அது மொத்தத்தில் மனை அல்லது வீட்டு விலையில் நூற்றுக்கு ஐந்து வரை செல்லும். பத்து லட்சம் ரூபாய் மனை என்றால் உச்ச வரம்பு 50,000 ரூபாய். ஐந்தே நாளில் அதை எட்டிவிடும். பதிவுக்குக் கட்ட வேண்டிய 25,000 ரூபாயுடன் இதை ஒப்பிட்டுப் பார்க்கவும். மோசடி செய்தோ உண்மையை மறைத்தோ பெற்ற பதிவையும், நிபந்தனை மீறியவரின் பதிவையும் ஆணையம் ரத்து செய்யலாம்.

கமிஷன் எவ்வளவு என்பதைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. விலையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்பது வழக்கம். வழக்கம் எதுவாயினும், யார் எவ்வளவு தருவது, எப்போது தருவது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுவது தரகருக்கும் பாதுகாப்பு. வேலை முடிந்தபின் கமிஷன் தர மறுக்கப்பட்டு ஏமாந்த தரகர்களும் உண்டல்லவா? தொழில் வளர்ந்து ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் வேண்டியிருக்கும்.

சட்டத்தின் எல்லை

சட்டம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று எண்ணி அங்கத்தினர்கள் அயர்ந்திருக்கலாகாது. 9-ஆம் பிரிவு திட்டப் பகுதியில் மனைப்பிரிவு அமைத்தவர் விற்கும் மனைகளையும் வீடுகளையும் பற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் தம் பழைய வீட்டை விற்பதும், விவசாயி ஒருவர் தம் இரண்டு ஏக்கர் நஞ்சையை இன்னொரு விவசாயிக்கு விற்பதும் இதற்குள் வாரா. பதிவு எண் இல்லாத தரகர் அவ்விடங்களில் நடமாடக்கூடும். அங்கே நம் எச்சரிக்கையே நமக்குக் காவல்.

அங்கீகாரமற்ற மனைப்பிரிவு பற்றியும் தெளிவு வேண்டும். விவசாய நிலத்தை அனுமதியின்றி மனையாக்கி விற்கும் பத்திரங்களைப் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்னும் 22-ஏ பிரிவு, தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20 முதல் அமலில் இருக்கிறது. அந்நாளுக்கு முன் அமைந்த மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்துவதற்காக 2017 மே மாதத்தில் தனி விதிகள் வந்தன. ஆகையால் "பிறகு அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம்" என்று எவர் கூறினாலும், அம்மனை எந்த நாளைச் சேர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

கடற்கரையோரம் மனை வாங்குவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளின்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இடத்துக்கு இடம் இவை மாறுபடும். அலையோசை கேட்கும் மனை என்று விளம்பரம் செய்பவர், அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதையும் சேர்த்துச் சொல்வது அரிது.

இவற்றை எல்லாம் மனத்திற் கொண்டு, மனை வாங்கும் அங்கத்தினர் முன்பணம் தருமுன் கேட்டுப் பெற வேண்டியவற்றைக் கீழே தருகிறேன்:

1. மனைப்பிரிவின் ரெரா பதிவு எண். இதை ஆணையத்தின் இணையதளத்தில் தாமே பார்த்தறிய வேண்டும்.

2. நகர் ஊரமைப்புத் துறை அல்லது உரிய உள்ளாட்சி அமைப்பு தந்த அங்கீகாரமும் வரைபடமும்.

3. தரகரின் பதிவு எண். இதுவும் இணையதளத்தில் காணக் கிடைக்கும்.

4. குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா.

5. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் விற்பவர் கையொப்பமிட்ட ரசீது. பணத்தைத் தரகர் கையில் தராமல் விற்பவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவது உத்தமம்.

மேலும், பதிவு பெற்ற திட்டமாயின் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதற்கு முன், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 13-ஆம் பிரிவு. வாங்குபவர்களிடமிருந்து திரளும் தொகையில் நூற்றுக்கு எழுபதைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பதும் சட்டம். இவற்றில் குறை கண்டால் ஆணையத்திடம் புகார் செய்யலாம். மனைப்பிரிவு அமைத்தவர்மேல் மட்டுமன்றித் தரகர்மேலும் புகார் செய்ய 31-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆணையத்தின் முடிவு திருப்தியளிக்காவிடில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உண்டு.

பதிவு நமக்குப் புதியதா?

"நாக்கு இருந்தால் போதாதா?" என்று கேட்ட பெரியவருக்கு ஒரு வார்த்தை. அவர் நம் சங்கத்தில் நாற்பது ஆண்டு அங்கத்தினர். சங்கக் காரியதரிசி அவருடைய நெருங்கிய நண்பர். ஆயினும் தவணை கட்டும் ஒவ்வொரு முறையும் அவர் ரசீது வாங்காமல் படியிறங்கியதில்லை. காரியதரிசியும் அதற்காக மனம் நொந்ததில்லை. சங்கத்தில் ரசீது கேட்பது முகமுறிவு இல்லையென்றால், மனை வாங்கும் இடத்தில் மட்டும் அது எப்படி முகமுறிவாகும்?

நம் இயக்கமே பதிவில் பிறந்தது. 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ்த் திரூரில் முதற் சங்கம் பதிவானது.  பேரேடு எழுதுகிறோம்; தணிக்கைக்குக் காட்டுகிறோம்; தவறு செய்த நிர்வாகியிடம் இழப்பை வசூலிக்கவும் சட்டம் வைத்திருக்கிறோம். வ.உ.சிதம்பரம் பிள்ளை வெள்ளையருக்கு எதிராகக் கப்பல் விட்டபோதும், 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை முறைப்படி பதிவு செய்து, பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள் வகுத்தே மக்களிடம் பணம் கேட்டார். அவருடைய நாவன்மைக்கு நிகர் இல்லை. எனினும் நாவை மட்டும் நம்பி அவர் பங்கு விற்கவில்லை. நாம் நூற்றிருபது ஆண்டுகளாகச் செய்து வரும் காரியத்தையே இப்போது மனைத் தரகரையும் செய்யுமாறு சட்டம் கேட்கிறது.

நம் சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சட்டத்தில் 'நபர்' என்னும் சொல் பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கத்தையும் உள்ளடக்கியது. அங்கத்தினர்களுக்காக வீடு கட்டும் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள் 'மனை மேம்படுத்துவோர்' என்னும் வகைக்குள் வருகின்றன. எனவே அத்தகைய சங்க நிர்வாகிகள் இச்சட்டத்தைத் தங்களுக்குத் தொடர்பற்றது என்று ஒதுக்கிவிடலாகாது. கடன் சங்கங்களும் நெசவாளர் சங்கங்களும் செய்யத்தக்கது எளியது. மேலே கூறிய ஐந்து அம்சங்களையும் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இணையதளம் பார்க்கத் தெரியாத அங்கத்தினருக்குச் சங்க எழுத்தர் பதிவு எண்ணைத் தேடிச் சொல்லலாம். மனை வாங்குவதற்கென நகைக் கடன் கேட்டு வருபவரிடம் "எண் பார்த்தாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இதற்கு நிர்வாகக் குழுத் தீர்மானமோ செலவோ தேவையில்லை.

முப்பது ஆண்டு தறியில் உழைத்த அந்த அங்கத்தினருக்கு முன்பணத்தில் ஒரு பகுதி திரும்பியிருக்கிறது. எஞ்சியதற்காக இன்னமும் அலைந்துகொண்டிருக்கிறார். அடகு நகைக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது. கூட்டத்தில் கேள்வி கேட்ட இளைஞரோ சென்ற வாரம் அலுவலகத்துக்கு வந்து, பான் அட்டையும் முகவரிச் சான்றும் தயாராகிவிட்டதாகவும், பட்டாவும் வில்லங்கச் சான்றும் படிப்பதற்கு ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவரிடம் பழகி வருவதாகவும் கூறினார். கட்டணத் தொகையில் பாதியைத் தந்தை தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். இவரைப் போன்றோர் பத்துப் பேர் முறையாகப் பதிவு செய்து நம் மாவட்டத்தில் தொழில் நடத்தினால், கொடி கட்டிக் கல் ஊன்றுபவர்களின் வேகம் சற்றேனும் குறையும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. நிலத்திலே போடும் பணத்துக்கு அளவுகோல் பதிவு எண்ணும் ரசீதும் ஆகும். அங்கத்தினர்கள் இவ்விரண்டையும் கூச்சமின்றிக் கேட்பார்களாக. தரகர்கள் முகம் கோணாமல் காட்டுவார்களாக.